மின்வில்லை வசப்படுத்திய வரலாறு

இரும்புத் துண்டுகள் இரண்டினை ஒன்றாகச் சேர்ப்பது கொல்லன் நெடுங்காலமாக அறிந்திருந்த தொழில். உலைக்களத்திலே இரண்டு துண்டுகளையும் வெண்ணிறம் காணும்வரை காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்தால் அவை பிரிக்கமுடியாதவாறு பொருந்திவிடும். தில்லியில் இன்றும் நிற்கின்ற புகழ்பெற்ற இரும்புத் தூண், குப்த மன்னர் காலத்தில் இம்முறையிலேயே துண்டு துண்டாகச் சேர்த்து ஆக்கப்பட்டதாகும். ஆயினும் இத்தொழிலுக்கு ஓர் எல்லை இருந்தது. உலைக்குள் கொண்டுசெல்லக்கூடிய பொருளையே கொல்லன் சேர்க்கலாம். ஒரு பாலத்தையோ, கொதிகலனையோ, கப்பலையோ உலைக்குள் வைப்பது எவ்வாறு?

நீராவி யுகம் பிறந்தபோது இவ்வினாவுக்குக் கிடைத்த விடை தறையாணி ஆகும். தகடுகளின் ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, வரிசையாகத் துளையிட்டு, செந்நிறமாகக் காய்ச்சிய ஆணிகளைத் துளைகளிற் செருகி, மறுபுறத்தை அடித்துத் தட்டையாக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பாலங்களும் கப்பல்களும் இவ்வாறு எழுந்தவையே. தறையாணி நம்பத்தக்கது, ஆனால், துளையிட்ட இடத்திலே தகடு வலிமை குன்றும், ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் நிறை கூடும், அடிப்பவன், பிடிப்பவன், காய்ச்சுபவன் எனப் பலர் கூடி உழைத்தாலன்றி வேலை நடவாது. உலையைப் பொருளிடம் கொண்டுசெல்ல ஒரு வழி கண்டால் இவ்வளவு உழைப்பும் மிச்சமாகும் என்பது பொறியியலாளர் பலரின் எண்ணமாயிருந்தது. அந்த உலை மின்சாரத்தில் மறைந்திருந்தது.

1802ஆம் ஆண்டில் ருஷ்யப் பேராசிரியர் வசீலி பெத்ரோவ், செப்பும் நாகமும் ஆகிய 4,200 வட்டத் தகடுகளை அடுக்கிப் பெரியதொரு மின்கலவடுக்கை அமைத்தார். அதன் இரு முனைகளிலும் கரித்துண்டுகளைப் பொருத்தி, அவற்றை ஒன்றையொன்று நெருங்கச் செய்தபோது இடைவெளியிலே கண்ணைக் கூசச்செய்யும் வெள்ளொளி தோன்றியது. அவ்வொளியில் உலோகங்கள் உருகுவதையும் அவர் கண்டு எழுதிவைத்தார். இலண்டனில் ஹம்பிரி டேவி என்னும் அறிஞரும் அதே காலப்பகுதியில் இத்தோற்றத்தை ஆராய்ந்து, அவைகளில் நிகழ்த்திக் காட்டினார். இரு முனைகளுக்கும் இடையே ஒளி வில்போல வளைந்து நின்றமையால் அதற்கு மின்வில் என்னும் பெயர் வாய்த்தது. உருக்கு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். மின்வில்லின் வெப்பமோ 5,000 பாகையையும் கடந்து நிற்பது. உலகில் எந்த உலையும் தரமுடியாத வெப்பம் ஒரு விரல் நுனி அளவான இடத்திலே கைகூடிற்று.

வெப்பம் கைகூடியதேயன்றி அதனைக் கட்டுப்படுத்தும் வழி கைகூடவில்லை. மின்கலவடுக்கின் வலு விரைவில் தேய்ந்துவிடும். மின்வில் தோன்றும், துடிக்கும், அணைந்துவிடும். ஆகவே அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது ஆராய்ச்சிக்கூடத்து விந்தையாகவும், பின்னர் வீதி விளக்காகவுமே பயன்பட்டது. மின்பிறப்பாக்கியும் சேமக்கலமும் வந்தபின்னரே அதனைத் தொழிலுக்கு அமர்த்தும் முயற்சி தொடங்கிற்று. 1881ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான ஒகஸ்தே த மெரித்தென், சேமக்கலங்களுக்கு வேண்டிய ஈயத் தகடுகளைக் காபன் மின்வில்லின் வெப்பத்தால் ஒன்றுசேர்த்தார். ஈயம் எளிதில் உருகுவது. இரும்பையும் அவ்வாறு சேர்க்கலாம் என்று நிலைநாட்டியவர் நிக்கொலாய் பெனார்தோசு ஆவார். 1842இல் இன்றைய உக்ரேன் நாட்டிற் பிறந்த இவர், ஒல்செவ்ஸ்கி என்பவருடன் சேர்ந்து 1885 முதல் பல நாடுகளில் ஆக்கவுரிமை பெற்றார். கிரேக்கரின் கொல்லுத் தெய்வமாகிய எபெசுதசுவின் பெயரைத் தம் முறைக்குச் சூட்டி, ‘மின் எபெசுதசு’ என அதனை வழங்கினார். காபன் கோலுக்கும் இரும்புக்கும் இடையே மின்வில்லை எழுப்பி, உருகும் இடத்தில் வேறொரு இரும்புக் கம்பியைக் காட்டி இடைவெளியை நிரப்புவது அவருடைய முறை.

இங்கேதான் மின்னோட்டத்தின் திசையைப் பற்றிய முதற் பாடமும் கற்கப்பட்டது. நேரோட்டத்திலே மின்வில்லின் இரு முனைகளும் ஒரே அளவாக வெப்பமடைவதில்லை. காபன் கோலை மறைமுனையிலும் வேலைப்பொருளை நேர்முனையிலும் இணைத்தால் வெப்பத்தின் பெரும்பகுதி வேலைப்பொருளையே சென்றடையும். மாற்றி இணைத்தால் கோல் விரைந்து தேய்வதோடு காபன் உருகிய இரும்பிற் கலந்து அதனை நொறுங்குந் தன்மையுடையதாக்கும். கம்பிகள் இரண்டினை இடம் மாற்றுவது சிறு செயல். அதனால் விளையும் பயனோ பெரிது. பின்வந்த நூற்றாண்டு முழுவதிலும் இத்தொழில் கற்போர் முதலிற் கேட்கும் வினா, “முனை எது?” என்பதாகவே இருந்துவந்தது.

பெனார்தோசுவின் முறையில் வெப்பம் தருவது ஒன்று, இடைவெளியை நிரப்புவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கியவர் நிக்கொலாய் சிலவியானோவ். ஊரால் மலைப்பகுதியிலுள்ள பேர்ம் நகரின் பீரங்கித் தொழிற்சாலையிற் கடமையாற்றிய இவர், 1888ஆம் ஆண்டு நவம்பரில் காபனை நீக்கி, உலோகக் கோலையே மின்முனையாகக் கொண்டு நீராவிப் பொறியின் தண்டு ஒன்றைப் பழுதுபார்த்தார். கோல் தானே உருகிச் சொட்டுச் சொட்டாக இறங்கி இடைவெளியை நிரப்பிற்று. சேமக்கலங்களைத் தவிர்த்து மின்பிறப்பாக்கியை நேரே பயன்படுத்தியதும், கோல் உருகித் தேயத் தேய மின்வில்லின் நீளம் மாறாதிருக்கத் தானே இயங்கும் அமைப்பொன்றைச் செய்ததும் இவருடைய சிறப்புகளாகும். வெவ்வேறு உலோகங்களையும் கலப்புலோகங்களையும் அடுக்கடுக்காகச் சேர்த்து இவர் ஆக்கிய குவளை, 1893இல் சிக்காகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இவரை அறியாமலே அமெரிக்காவில் டெற்றோயிற் நகரைச் சேர்ந்த சாள்ஸ் கொபின் என்பவரும் 1890இல் உலோகக் கோல் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தார்.

ஆயினும் வெறுங் கோலால் இட்ட இணைப்பு நம்பத்தக்கதாக இருக்கவில்லை. உருகிய உருக்கு, சுற்றியுள்ள வளியிலிருந்து ஒட்சிசனையும் நைதரசனையும் உறிஞ்சிக்கொள்ளும். குளிர்ந்தபின் அது நுண்துளைகள் நிறைந்ததாகவும் எளிதில் நொறுங்குவதாகவும் ஆகிவிடும். பார்வைக்குத் திடமான இணைப்பு, பாரம் ஏறியதும் பிளந்துபோகும். இக்குறையை நீக்கியவர் சுவீடன் நாட்டவரான ஒஸ்கார் ஷெல்பேர்க். கப்பற் கொதிகலன்களைப் பழுதுபார்க்கும் வேலையில் ஈடுபட்டிருந்த இவர் 1904இல் கொத்தன்பேர்க் நகரிற் சொந்த நிறுவனமொன்றைத் தொடங்கினார். கனிப்பொருட்கள் கலந்த குழம்பிலே உலோகக் கோலைத் தோய்த்து உலர்த்தினால், எரியும்போது அப்பூச்சு வாயுவாகவும் கசடாகவும் மாறி உருகிய உலோகத்தைப் போர்வைபோல் மூடிக் காக்கும் என்பதைக் கண்டார். 1907இல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். இன்று சிறு பட்டறைகளிலும் காணப்படும் பூச்சிட்ட வெல்டிங் குச்சி இவருடைய கண்டுபிடிப்பின் வழித்தோன்றலேயாம்.

பூச்சு மற்றுமொரு நன்மையையும் தந்தது. ஆடலோட்டத்திலே மின்னோட்டம் ஒவ்வொரு செக்கனிலும் பலமுறை திசைமாறுகிறது. ஐம்பது சுற்றுடைய வழங்கலில் ஒரு செக்கனுக்கு நூறு முறை அது பூச்சியத்தைத் தொட்டு மீளும். வெறுங் கோலின் மின்வில் அவ்வேளைகளிலே அணைந்துபோகும். பூச்சிலுள்ள சில பொருட்கள் இடைவெளியிலுள்ள வாயுவை மின் கடத்தும் நிலையில் வைத்திருப்பதால் மின்வில் உடனே மீண்டும் எழும். இதன் பயனாக, சுழலும் மின்பிறப்பாக்கி இல்லாமலே, ஊர் மின்வழங்கலோடு இணைக்கப்பட்ட நிலைமாற்றி ஒன்றைக்கொண்டு வேலைசெய்ய வழி பிறந்தது. நிலைமாற்றி விலை குறைந்தது, அசையும் உறுப்புகள் மிகச் சிலவே உடையது, பழுதுபடுவதும் அரிது. உலகின் எண்ணற்ற சிறு பட்டறைகளுக்கு இத்தொழில் சென்று சேர்ந்தமைக்கு இதுவே பெருங் காரணம்.

மின்வில்லுக்கு வலுக் கொடுக்கும் இப்பொறியின் இயல்பு சிறிது விளக்கத்துக்குரியது. வெல்டிங் செய்பவனின் கை கல்லிற் செதுக்கிய கையன்று. குச்சியின் நுனி வேலைப்பொருளை ஒருகணம் நெருங்கும், மறுகணம் விலகும். நெருங்கினால் மின்வில் குறுகும், விலகினால் நீளும். வீட்டு விளக்குக்கு ஏற்ற மின்வழங்கலை அப்படியே கொடுத்தால், நுனி தொட்ட கணத்தில் மின்னோட்டம் கட்டுக்கடங்காது பெருகும். விலகிய கணத்தில் மின்வில் அற்றுப்போகும். ஆகவே, மின்வில் நீண்டாலும் குறுகினாலும் அம்பியர் அளவு அதிகம் மாறாதவாறு இப்பொறி அமைக்கப்பட்டது. வேலை தொடங்குமுன் அதன் முனைகளில் 50 முதல் 80 உவோற்று வரை இருக்கும். மின்வில் எழுந்ததும் அது 20 முதல் 30 உவோற்று வரையாகத் தாழ்ந்துவிடும். நிலைமாற்றியின் நடுவே இரும்புக் கட்டையொன்றைக் கைச்சக்கரத்தாற் சுழற்றி உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ நகர்த்தினால் அம்பியர் அளவு கூடும் அல்லது குறையும். மனிதக் கையின் நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும் பொறி என இதனைச் சொல்லலாம்.

அளவைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம்? முதலிற் பார்க்கவேண்டியது குச்சியின் பருமன். குச்சியின் விட்டம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கோ, ஏறத்தாழ அத்தனை அம்பியர் என்பது பழைய தொழிலாளரின் கணக்கு. எட்டிலொரு அங்குலக் குச்சி ஆயிரத்தில் 125 பங்கு. அதற்கு 125 அம்பியர் அளவில் தொடங்கி, வேலைக்கேற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்வர். மெல்லிய தகடாயின் மெல்லிய குச்சியும் குறைந்த அளவும் வேண்டும். தலைக்குமேல் வேலைசெய்யும்போதும் செங்குத்தாக ஏறும்போதும் உருகிய உலோகம் வழிந்து விழாதிருக்க அளவைக் குறைப்பர். மின்வில்லின் நீளம் குச்சியின் உட்கம்பியின் விட்டத்தை மீறாதிருத்தல் நன்று.

அளவு சரியா பிழையா என்பதை இணைப்பே சொல்லிவிடும். அம்பியர் குறைந்தால் குச்சி அடிக்கடி ஒட்டிக்கொள்ளும். உருகிய உலோகம் கீழே ஊடுருவாமல் கயிறு போட்டாற்போல மேலே குவிந்து கிடக்கும். அத்தகைய இணைப்பு ஒட்டியதுபோலத் தோன்றுமேயன்றி ஒட்டியிராது. அம்பியர் மிகுந்தால் குச்சி முழுவதும் செந்நிறமாகும். தீப்பொறி எங்கும் சிதறும். இணைப்பின் இரு கரைகளிலும் பள்ளம் விழும். மெல்லிய தகடு துளைபட்டுப் போகும். அளவு பொருந்தியபோது மின்வில் எண்ணெயில் வடை பொரிவதுபோல ஒரே சீராக ஒலிக்கும். கருங்கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவன் கண்ணால் அறிவதிற் பாதியைக் காதால் அறிகிறான் என்பது இத்தொழிலில் தேர்ந்தோர் அனைவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை.

இவ்வாறு வளர்ந்த தொழிலுக்குப் பெருவாய்ப்பைத் தந்தவை போர்களேயாம். 1917ஆம் ஆண்டில் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியபோது, அதன் துறைமுகங்களிலே தங்கியிருந்த ஜேர்மன் கப்பல்கள் கைப்பற்றப்பட்டன. ஆனால் அவற்றின் மாலுமிகள் பொறிகளின் வார்ப்பிரும்புப் பாகங்களை முன்னதாகவே உடைத்துச் சிதைத்திருந்தனர். புதிய பாகங்களை வார்த்தெடுக்க நெடுங்காலம் செல்லும் என எண்ணப்பட்ட வேளையில், உடைந்தவற்றை மின்வில்லால் இணைத்துச் சில மாதங்களுள் அக்கப்பல்களைக் கடலுக்கு அனுப்பினர். அதுவரை ஒட்டுவேலை என்று இகழப்பட்ட முறை பொறியியலாளரின் மதிப்பைப் பெற்றது. 1920இல் இங்கிலாந்தின் பேர்க்கன்ஹெட் நகரில், தறையாணியே இல்லாமல் முற்றிலும் மின்வில்லால் இணைக்கப்பட்ட ‘புல்லகர்’ என்னும் சிறு கடற்கப்பல் நீரில் இறக்கப்பட்டது. 1928–29ஆம் ஆண்டுகளில் போலந்து நாட்டிலே, பேராசிரியர் ஸ்தெபான் பிரிலா வரைந்த திட்டத்தின்படி மௌர்சிச்சே என்னும் இடத்தில் ஆற்றின்மேல் எழுந்த பாலமே முற்றிலும் இம்முறையால் ஆன உலகின் முதலாவது தெருப்பாலமாகும். 1943இல் பிரிலா ஜேர்மன் ஆக்கிரமிப்பாளராற் கொல்லப்பட்டார். அவருடைய பாலம் இன்றும் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

வெற்றியின் நடுவே ஓர் எச்சரிக்கையும் ஒலித்தது. பெல்ஜியத்திலே அல்பேட் கால்வாயின்மேல் ஹசெல்ற் என்னும் இடத்திற் கட்டப்பட்ட உருக்குப் பாலம், திறந்து ஏறத்தாழ ஓராண்டே சென்ற நிலையில், 1938ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆந் திகதி குளிர் மிகுந்த காலைவேளையில் பெருஞ் சத்தத்தோடு வெடித்து, சில நிமிடங்களுள் கால்வாயில் விழுந்தது. அதன் பொருளை உலகம் ஆழ்ந்து ஆராயுமுன் இரண்டாம் உலகப் போர் மூண்டது.

நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்த அந்நாட்களில், மூழ்குவதைவிட விரைவாகக் கப்பல் கட்டவேண்டிய நிலை நேச நாடுகளுக்கு ஏற்பட்டது. தறையாணி அடிக்கும் தொழிலில் ஒருவன் தேர்ச்சிபெற ஆண்டுகள் செல்லும். வெல்டிங் தொழிலைச் சில வாரப் பயிற்சியிலே தொடங்கலாம். 1941 முதல் 1945 வரை அமெரிக்கா ‘லிபேட்டி’ என்னும் ஒரே வகைச் சரக்குக் கப்பல்களில் 2,710ஐக் கட்டி முடித்தது. அவற்றுள் ஒன்று, 1942 நவம்பரில், அடித்தண்டு இட்டதிலிருந்து நீரில் இறக்கும்வரை நான்கு நாட்களும் பதினைந்து மணித்தியாலங்களுமே எடுத்தது. வயல்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் அடுக்களைகளிலிருந்தும் வந்த ஆண்களும் பெண்களும் முகமூடி அணிந்து அக்கப்பல்களை உருவாக்கினர்.

1943ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி இரவு, ஓரிகன் மாநிலத்துப் போட்லன்ட் நகரில், கடற்சோதனையை முடித்துக்கொண்டு அமைதியான நீரிலே கட்டப்பட்டிருந்த ‘ஸ்கெனெக்ரடி’ என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் திடீரென நடுவே பிளந்தது. புயலில்லை, அலையில்லை, குண்டும் இல்லை. அடித்தகடு மட்டுமே எஞ்சியிருக்க, முனையும் பின்புறமும் தாழ்ந்து, நடுப்பகுதி நீருக்குமேல் எழுந்து நின்றது. காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருந்தது. அதன் பின்னரும் லிபேட்டிக் கப்பல்கள் பலவற்றில் வெடிப்புகள் தோன்றின. சில குளிர்ந்த கடலிலே இரு கூறாகியதால் மாலுமிகள் சிலர் உயிரிழந்தனர்.

பழி யார்மேல்? சந்தேகம் முதலில் வெல்டிங் செய்தோர்மேலே விழுந்தது இயல்பே. அவர்கள் புதியவர்கள், அவசரத்தில் வேலைசெய்தவர்கள், அவர்கள் கையாண்ட முறையும் புதியது. குறையுள்ள இணைப்புகள் இருந்தன என்பதும் மறுக்கமுடியாத உண்மை. ஆனால் அது முழு உண்மையா என்பதைச் சோதித்தோருள் முதன்மையானவர் கேம்பிரிச்சுப் பல்கலைக்கழகத்து உலோகவியலறிஞர் கொன்ஸ்தன்ஸ் ரிப்பர் அம்மையார். பிளந்த கப்பல்களின் தகடுகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் இழுத்து முறித்து அவர் ஆராய்ந்தார். சாதாரண வெப்பநிலையிலே களிபோல் நீண்டு வளைந்தபின் முறிகின்ற அதே உருக்கு, குறித்ததொரு வெப்பநிலைக்குக் கீழே சென்றதும் கண்ணாடிபோல ஒரேயடியாக நொறுங்குவதைக் கண்டார். இணைப்பைவிட உருக்கின் இயல்பே இங்குப் பெரிதும் காரணமாயிற்று என்பது அவருடைய ஆய்வால் தெளிவாயிற்று.

மேலும் இரு காரணங்கள் வெளிப்பட்டன. முதலாவது, மேற்றட்டிலே சரக்கு இறக்கும் வாயில்கள் கூர்மையான சதுர மூலைகளோடு வெட்டப்பட்டிருந்தன. கப்பல் அலையில் வளையும்போது தகைப்பு முழுவதும் அம்மூலைகளிலே திரண்டு, வெடிப்புக்கு வித்திட்டது. இரண்டாவது, தறையாணிக் கப்பலில் ஒரு தகட்டில் எழுந்த வெடிப்பு அத்தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். மின்வில்லால் இணைத்த கப்பலோ ஓரங்கள் அற்ற ஒரே உடலாதலால், வெடிப்பு தடையின்றி ஓடிக் கப்பலையே சுற்றிவிடும். இணைப்பின் சிறப்பே அதன் ஆபத்துமாயிற்று. மூலைகள் வளைவாக்கப்பட்டன, வெடிப்பைத் தடுக்கத் தறையாணியிட்ட பட்டிகள் சேர்க்கப்பட்டன, போரின் பின்னர், குளிரிலும் நொறுங்காத உருக்கே கப்பலுக்கு உரியது என விதிகள் திருத்தப்பட்டன. இணைத்த கைகளின்மேல் விழுந்த பழியிற் பெரும்பகுதி நீங்கிற்று. நீங்கியதை அக்கடலில் மாண்டோர் அறியார்; பின்வந்த கடலோடிகள் அதன் பயனைத் துய்க்கின்றனர்.

அதே போர்க்காலத்தில் சோவியத் நாட்டிலே இத்தொழில் வேறொரு வழியிற் சென்றது. பாலம் கட்டுவதில் வல்லவரான எவ்கேனி பற்றன் 1934இல் கீவ் நகரில் மின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியிருந்தார். போர் மூண்டதும் அந்நிலையம் ஊராலுக்கு இடம்பெயர்ந்து, தாங்கிகளின் கவசத் தகடுகளைத் தானியங்கிப் பொறியால் இணைக்கத் தொடங்கிற்று. மணல்போன்ற தூளின் கீழே மறைந்து எரியும் மின்வில்லுக்கு, சுருளிலிருந்து கம்பி இடையறாது ஊட்டப்பட்டது. மின்வில்லின் நீளத்தைக் காக்கச் சிக்கலான கருவி வேண்டும் என்றே அதுவரை எண்ணியிருந்தனர். 1942இல் விளாதிமிர் தியாத்லோவ் என்னும் ஆய்வாளர், கம்பியை ஒரே வேகத்தில் ஊட்டினால் மின்வில் தன்னைத்தானே ஒழுங்குசெய்துகொள்ளும் என்பதைக் கண்டார். கம்பி நெருங்கினால் மின்னோட்டம் கூடும்; கூடியதும் கம்பி விரைவாக உருகும்; உருகியதும் பழைய நீளம் தானே திரும்பும். கீவ் நகரில் தினிப்பர் ஆற்றின்மேல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் நீளத்துக்கு முற்றிலும் வெல்டிங் முறையால் எழுந்த பாலம் 1953 நவம்பரில் திறக்கப்பட்டது. பற்றன் அதே ஆண்டு ஓகத்து மாதத்திலே காலமாகிவிட்டார். பாலம் அவர் பெயரைத் தாங்கிற்று.

அமெரிக்க விமானத் தொழிலும் 1940களில் ஒரு புதுவழி கண்டது. மகனீசியம் போன்ற மெல்லிய உலோகங்கள் வளியிலே எளிதில் தீப்பற்றுவன. ரசல் மெரிடித் என்பவர், உருகாத தங்குதன் முனையைச் சுற்றி ஈலியம் வாயுவைச் செலுத்தி, அந்த வாயுக் கவசத்துள்ளே மின்வில்லை எரியச்செய்தார். பின்னர் 1948 அளவில் உருகும் கம்பியையே வாயுக் கவசத்துள் ஊட்டும் முறையும், 1953 அளவில் விலை மலிந்த காபனீரொட்சைட்டு வாயுவை உருக்குக்குப் பயன்படுத்தும் முறையும் தோன்றின. கம்பி ஊட்டும் இம்முறைகளிலே பொறியை ஒழுங்குசெய்யும் விதம் தலைகீழாயிற்று. குச்சி வேலையில் அம்பியரை மனிதன் குறிப்பான்; உவோற்று மின்வில்லின் நீளத்தைப் பொறுத்து அமையும். கம்பி வேலையிலோ உவோற்றை மனிதன் குறிப்பான். கம்பியின் வேகம் கூடக்கூட அம்பியர் தானே கூடும். ஒன்றிற் பழகிய கை மற்றொன்றில் தடுமாறுவது இதனாலேயே.

1970களின் பிற்பகுதியில் குறைகடத்திகள் இத்தொழிலில் புதியதொரு வழியைத் திறந்தன. ஊர் மின்சாரத்தை முதலில் நேரோட்டமாக்கி, பின் ஒரு செக்கனுக்குப் பல்லாயிரம் முறை அதிரும் ஆடலோட்டமாக மாற்றினால், நிலைமாற்றி மிகச் சிறியதாக இருந்தாலும் போதும். பின்லாந்து நாட்டில் 1977இல் அத்தகைய பொறி சந்தைக்கு வந்தது. முன்பு நால்வர் தள்ளிச்சென்ற பொறியின் வேலையை இன்று ஒருவர் தோளில் மாட்டிச் செல்லும் பெட்டி செய்கிறது. குச்சி ஒட்டிக்கொண்டால் மின்னோட்டத்தை உடனே தாழ்த்தவும், மின்வில்லை எழுப்பும் கணத்தில் மிகுத்துக்கொடுக்கவும் அப்பெட்டி அறியும்.

ஆயினும் அப்பெட்டி அறியாதனவும் உள. பத்து நிமிடத்தில் அறுபது வீதம் எனப் பொறியின் தகட்டிற் பொறித்திருப்பது, குறித்த அம்பியர் அளவில் ஆறு நிமிடம் வேலைசெய்தால் நான்கு நிமிடம் ஆறவிடவேண்டும் என்பதன் குறிப்பு; ஆறவிடுவது மனிதனின் பொறுப்பு. தகட்டில் துருவோ எண்ணெயோ ஈரமோ இருந்தால் பொறி சொல்லாது. ஐதரசன் குறைந்த குச்சிகள் ஈரத்தை உறிஞ்சியிருப்பின், இட்ட இணைப்பு அன்று செவ்வனே தோன்றி, பல மணித்தியாலங்கள் கழிந்தபின் உள்ளே வெடிக்கும். அக்குச்சிகளைச் சூளையில் உலர்த்தி எடுக்கும் பொறுமை எந்தப் பெட்டியிலும் இல்லை. எக்சுக் கதிரும் மீயொலியும் இணைப்பின் உட்புறத்தைக் காட்டவல்லன. ஆனால் உலகில் இடப்படும் இணைப்புகள் யாவற்றையும் சோதிப்பார் இலர். பள்ளி வாயிலின் படலை, பேருந்தின் இருக்கை, நீர்த்தாங்கியின் கால் என அன்றாட வாழ்வைத் தாங்குவன பெரும்பாலும் இட்டவனின் மனச்சான்றை நம்பியே நிற்கின்றன.

பெத்ரோவின் மின்கலவடுக்கிலிருந்து இன்றைய சிறு பெட்டிவரை ஏறத்தாழ இருநூற்றிருபது ஆண்டுகள் கழிந்துள்ளன. மின்வில்லின் வெப்பம் அன்று எத்தகையதோ இன்றும் அத்தகையதே. மாறியது அதனைக் கட்டுப்படுத்தும் அறிவு ஒன்றுதான். திசையை அறிந்தது, காற்றை விலக்கியது, கையின் நடுக்கத்தைப் பொறுக்கும் பொறியை அமைத்தது, பிளந்த கப்பலிடம் பாடம் கேட்டது என அவ்வறிவு படிப்படியாகச் சேர்ந்தது. அதன் ஒவ்வொரு படிக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கின்றனர். கைச்சக்கரத்தைச் சிறிது திருப்பி, பயனற்ற இரும்புத் துண்டிலே முதலில் இட்டுப் பார்த்து, கசடைத் தட்டி நீக்கி, இணைப்பின் முகத்தை உற்றுநோக்கியபின்னரே உண்மை வேலையைத் தொடும் தொழிலாளி, அந்த நெடிய வரலாற்றின் பாடத்தை ஒவ்வொரு நாளும் மறவாது கைக்கொள்பவன் ஆவான்.